இடது கையால் அடித்த பாடங்கள்

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன ஆட்கள் நாம். ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்திலேயே அந்த ஒரு அறைக்குத்தான் ஏசி. வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு பெட்டிக்கு மூன்று பேர். அந்த மூன்று பேரில் ஒருத்தி மட்டும் மவுஸைப் பிடித்துக்கொள்வாள், மற்ற இருவரும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். மவுஸைப் பிடித்துக்கொள்கிறவளாக நான் இருந்தேன். அந்தப் பெருமையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

நாற்பது வயது நெருங்குகிறது. என் பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து சத்தம் வரவைக்க இரண்டு மாதம் ஆகும் என்பதையே அவர்கள் நம்பமாட்டார்கள். உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஒன்பதாவது முடித்த கோடை அது. திண்டுக்கல்லில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பா ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தத் தெருவிலும் கோயில் பங்கிலும் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஒருவரை நல்லவன் என்று சொன்னால் நல்லவன். ஆகாதவன் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அத்தை அப்பாவுக்கு நேர் இளையவர். எரியோட்டுப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பதினோரு வருடம் டீச்சராக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் பொழுது சாய்ந்தால் தெரியவில்லை, அப்புறம் பக்கவாட்டில் தெரியவில்லை, கடைசியில் நேரே இருப்பதும் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. இன்றைய என்னைவிட இளையவர். அன்றைக்கு எனக்கு அவர் வயதானவராகத் தெரிந்தார்.

ஊருக்கு வெளியே பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். அங்கே ஒரு தமிழ் டீச்சர் தேவைப்பட்டது. பெரிய சிஸ்டர் அத்தையை வந்து பார்த்து ஒரு யோசனை சொன்னார். எங்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பாடம் கேட்டுப் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கென்றே நாற்பது பாடம் எழுதிக் கொண்டுவாருங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரத்தில் கொடுத்தால் அந்த இடம் உங்களுக்குத்தான். சொல்லிவிட்டு, பள்ளிக்கு யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

ஹாலில் போன் மேஜைக்குப் பக்கத்தில் அதை வைத்தோம். முதுகு பெருத்த மானிட்டர். அம்மா அதற்குப் பழைய சேலையில் குஞ்சம் வைத்து உறை தைத்தார். கீபோர்டில் எழுத்துக்கு மேல் எழுத்தாகத் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் அதில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் சிஸ்டர்கள் அதைப் போடச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் இருந்தது. சத்தம்தான் வரவில்லை.

அதைச் சரிசெய்ய வத்தலக்குண்டிலிருந்து ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாகக் கடை வைத்திருந்தார். சிஸ்டர்களின் பள்ளியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்குத்தான் கொடுப்பதாக இருந்தார்கள். நான் அவரை அண்ணன் என்றேன். அவர் என்னைப் பாப்பா என்றார்.

பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளங்கை அளவு பச்சை அட்டை ஒன்றை உருவி எடுத்தார்.

"பாப்பா, அழிரப்பர் வச்சிருக்கியா? இதுதான் சவுண்ட் கார்டு. இதோட பல்லெல்லாம் அழுக்கேறிக் கெடக்கு."

என் வாசனை ரப்பரால் அந்தத் தங்க நிறப் பற்களைத் தேய்த்தார். வேறு துளையில் செருகினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னென்னவோ அடித்தார். சத்தம் வரவில்லை. பெட்டிக்கு அந்தக் கார்டு இருப்பதே தெரியவில்லை என்றார். இணையத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். பத்து நாள் கழித்து ஒரு நோட்டுத்தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். அதுவும் பலிக்கவில்லை.

"ஓசியில கெடைக்கிறதுல்ல? இப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா.

"இல்ல சார், வரும். கொஞ்சம் பொறுமையா தேடணும், அம்புட்டுதான்" என்றார் அண்ணன்.

சத்தம் வரும்வரை சும்மா இருக்க முடியாதே. அத்தை சொல்லச் சொல்ல நான் அடிப்பது என்று முடிவானது. வீட்டில் தமிழ் டைப் செய்யத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். ஆளாளுக்கு என்னைக் கம்ப்யூட்டர் புள்ள என்றார்கள். கோயில் விட்டு வரும்போது அப்பா நாலு பேர் காதில் விழும்படி அதைச் சொல்வார்.

முதல் பதினொரு பாடங்களை உண்மையாகவே அடித்தேன். நல்ல பாடங்கள். மழை வருவதற்கு முன்னால் காற்று எப்படி மாறும், பூ மார்க்கெட்டில் மல்லிகை இருக்கும் பக்கத்தை மூக்கால் எப்படிக் கண்டுபிடிப்பது, நிற்கும் பஸ்ஸும் புறப்படப் போகும் பஸ்ஸும் சத்தத்தில் எப்படி வேறுபடும், இப்படி. அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போலச் சொல்வார். ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துவார்.

"அடிச்சாச்சாத்தா?"

"அடிச்சாச்சு அத்தை."

மே மாதம் வந்தது. ஃபேன் அனல் காற்றை வீசியது. பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். மிச்ச நேரமெல்லாம் எனக்குப் பாடம். தெருப் பிள்ளைகள் கொடைக்கானல் போய்விட்டு வந்து கதை சொன்னார்கள். நான் ஒரு வரியை விட்டேன். அத்தைக்குத் தெரியவில்லை. மறுநாள் நாலு வரியை விட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் அடிக்கிறேனா இல்லையா என்பதை அத்தை கீபோர்டின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

அந்தப் பெட்டியில் சீட்டு விளையாட்டு ஒன்று இருந்தது, தனி ஆளாக ஆடுவது. வலது கையால் மவுஸைப் பிடித்துச் சீட்டு ஆடினேன். இடது கை பாட்டுக்குக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தது. தமிழ்க் கீபோர்டில் இடது கைப் பக்கம் பெரும்பாலும் உயிரெழுத்துகள்தான். பன்னிரண்டாவது பாடத்திலிருந்து நாற்பதாவது பாடம் வரைக்கும் அத்தை சொன்னதெல்லாம் வெறும் அஇஉஎ, ஆஈஊஏ என்று ஏறியது.

இதில் முப்பத்திமூன்றாவது பாடத்தைச் சொல்ல வேண்டும். அது கரும்பலகையைப் பற்றியது. அத்தை கடைசியாகக் கண்ணால் படித்த எழுத்து அந்தக் கரும்பலகையில் இருந்ததாம். யாரோ ஒரு பிள்ளை எழுதிய எழுத்து. அன்று அத்தை வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். நடுவே நிறுத்தித் தண்ணீர் குடித்தார். அந்த எழுத்து என்ன, அதை எழுதிய பிள்ளை யார், அத்தை அதைப் படித்துவிட்டு என்ன செய்தார், எதுவும் எனக்குத் தெரியாது. கறுப்பு ராஜாவுக்குக் கீழே வைக்க ஒரு சிவப்பு ராணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அடிச்சாச்சாத்தா?"

"அடிச்சாச்சு அத்தை."

"இது நல்லா வந்திருக்குல்ல?"

"நல்லாருக்கு அத்தை."

மே கடைசியில் அண்ணன் மூன்றாம் தடவை வந்தார். இந்தத் தடவை முகமே வேறாக இருந்தது. வந்ததும் வராததுமாக உட்கார்ந்து ஏதோ நாலைந்து வரி அடித்தார். ஸ்பீக்கரில் முதலில் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு குரல், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல், "வணக்கம்" என்றது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

"கேட்டுச்சா டீச்சர்?" என்றார் அண்ணன்.

"கேட்டுச்சுப்பா. இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

அத்தைக்கு நாலு சாவிகளை விரலால் தொட்டுக் காட்டி மனப்பாடம் செய்யவைத்தார் அண்ணன். அதில் ஒன்று, கறுப்புத் திரையில் சத்த அளவைக் காட்டும் பட்டைகளை வரவைக்கும் சாவி. எனக்கு அந்தப் பட்டைகளைக் காட்டினார்.

"இங்க பாரு பாப்பா. பட்டைக்குக் கீழ MM-னு இருந்தா வாய மூடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். M எழுத்த ஒரு தட்டுத் தட்டினா OO-னு ஆயிரும். வாயத் தொறந்துரும். அம்புட்டுதான் விஷயம். இது தெரியாமத்தான் பாதிப் பேரு கார்டு போச்சுன்னு தூக்கிப் போட்டுர்றான்."

பாடத்தைப் படிக்கவைத்துக் காட்டலாம் என்று அவர் கையை நீட்டினார். அந்த நொடியில் கரண்ட் போனது. "சரி, நாளைக்கு நீங்களே நிம்மதியா ஒக்காந்து கேளுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். வயிற்றுவலி என்று நான் வீட்டில் நின்றுகொண்டேன். பெட்டியைப் போட்டு, பட்டைகளைத் திறந்து, M எழுத்தை ஒரு தட்டுத் தட்டினேன். அணைத்துப் போட்டாலும் மாறாமல் இருக்கும்படி அதைச் சேமித்தும் வைத்தேன். கம்ப்யூட்டர் புள்ள அல்லவா.

பூசை முடிந்து வந்து அத்தை சாவிகளைத் தட்டினார். பெட்டி பேசவில்லை. அப்பா வத்தலக்குண்டுக்குப் போன் போட்டார். அண்ணன் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"பாப்பா, நேத்துக் காட்டினேன்ல, அந்தப் பட்டையப் பாரு. கீழ MM-னு இருக்கா?"

திரையில் MM என்றுதான் இருந்தது. எனக்கு ஒரு பக்கம் அத்தை, இன்னொரு பக்கம் அப்பா.

"இல்லண்ணே. OO-ன்னுதான் இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே."

"அப்போ கார்டுதான் போயிருக்கணும். நேத்து நல்லாத்தானே இருந்துச்சு... சரி, வேற கார்டு ஒண்ணு கொண்டாரேன்னு அப்பாகிட்டச் சொல்லு."

சொன்னேன். அப்பாவின் முகம் இறுகியது. நேற்று நன்றாக இருந்த கார்டு ராத்திரியோடு ராத்திரியாக எப்படிப் போகும்? கரண்ட் போன இருட்டில் நல்ல கார்டை உருவிவிட்டு ஓட்டைக் கார்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான் என்று அவரே ஒரு கணக்குப் போட்டார். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு; வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணன் ஒரு கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அப்பா அவரை வாசல் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை.

"கண்ணு தெரியாதவ வீட்டுல கைவரிசை காட்டுறியா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

"சார், நான் எதையும் எடுக்கல சார். உள்ள வந்து ஒருதடவ பாத்துட்டுப் போயிர்றேன்."

"உள்ள கால வச்ச, நடக்கிறதே வேற."

தெருவே வெளியே வந்து பார்த்தது. நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தத் துணிப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். போகும்போது உள்ளே பார்த்து, "டீச்சர், நீங்க ஒருதடவ M எழுத்தத் தட்டிப் பாருங்க" என்று கத்தினார். அப்பா கேட்டை இழுத்து அடைத்தார். அன்று மாலையே சிஸ்டரிடமும் பங்குச் சாமியாரிடமும் போய்ச் சொன்னார். பள்ளிக் கம்ப்யூட்டர் வேலை வேறு ஆளுக்குப் போனது.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள், சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு குரல் கேட்டது. "அ. இ. உ. எ. அ. இ. உ. எ." யாரோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு எட்டு வைத்ததும் புரிந்துவிட்டது.

அம்மா வெளியே போயிருந்தார். அத்தை பெட்டிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியாத்தா? கை காலக் கழுவிட்டு இப்படி வந்து ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

"இது இருபத்தியாறு. கொய்யாப்பழப் பாடம். சரிதானே?"

நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"இன்னைக்குத்தான் வீட்டுல ஆளில்ல. மத்தியானம் சாப்ட்டுட்டு ஒக்காந்தேன். பட்டைச் சாவியத் தட்டிட்டு, அந்தத் தம்பி சொன்னாப்புல M-ஐத் தடவிப் பிடிச்சுத் தட்டினேன், பேசிருச்சு. மொதப் பதினொண்ணும் நல்லாருக்கு. பன்னெண்டுல இருந்து கேட்டுக்கிட்டே வாரேன். ஒரு எடத்துலயாச்சும் ஒரு வார்த்தை வருமான்னு."

"அத்தை..."

"பேசாத. இன்னும் முடியல."

நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். அந்தக் குரலுக்கு அலுப்பே கிடையாது. நான் எந்த வேகத்தில் அடித்தேனோ எனக்குத் தெரியாது, அது ஒவ்வொரு எழுத்தையும் அக்கறையாகச் சொன்னது. இருபத்தேழு, இருபத்தெட்டு. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. முப்பத்திமூன்று வந்ததும் அத்தை கையை நீட்டி நிறுத்தினார்.

"இது என்ன பாடம்னு தெரியுதா?"

"கரும்பலகை."

"ம்."

அதற்கு மேல் கேட்கவில்லை. அத்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான்தான் அழுதேன், அதுவும் அப்பா வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில்.

அப்பா வந்தார். அத்தை முதல் பாடத்தை வைத்தார்; பெட்டி பேசுவதைக் கேட்டு அப்பா ஒரு கணம் திகைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் எவ்வளவு சந்தோஷம்!

"நீயா சரி பண்ணின? பாத்தியா தங்கச்சி, எம் புள்ள ஒத்த ஆளா சரி பண்ணிட்டா. அந்தக் களவாணிப் பய ரெண்டு மாசமா இழுத்தடிச்சான்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூடப்பிறந்தவர் வீட்டில், அவர் சோற்றில் இருக்கிற ஒரு பெண், அவருடைய செல்ல மகளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, தப்பித்தேன் என்று மட்டும் தோன்றியது.

பாடம் முடியவில்லை என்று அத்தை சிஸ்டரிடம் சொல்லிவிட்டார். அந்த வருடம் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். அத்தை தானே கீபோர்டைப் பழகினார். ஒரு விரல், இரண்டு விரல், பிறகு பத்து விரலும். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். என்னைக் கூப்பிடவே இல்லை. விட்டுப்போன பாடங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்து, மறு வருடம் சிஸ்டரிடம் கொடுத்து, வேலைக்குச் சேர்ந்தார். கரும்பலகைப் பாடம் மட்டும் அதில் இல்லை. அதற்குப் பதில் வேறு ஏதோ எழுதியிருந்தார்.

எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், என் மகனை மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கோடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா நாலு வருடம் முன்பு இறந்தார். கடைசிவரை, நல்ல ஆள் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆகாத ஆளுக்கு உதாரணமாக வத்தலக்குண்டுக்காரனைச் சொல்லுவார்.

போன தை மாதம் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். பஸ் ஸ்டாண்ட் எதிரே செல்போன் ரிப்பேர்க் கடையில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நான் யார் என்று சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டார்.

"டீச்சர் எப்படி இருக்காங்க? பாவம், நல்ல மனசு அவங்களுக்கு. அன்னைக்குப் போன் போட்டு அழுதாங்க. 'தம்பி, கண்ணு தெரியாம நாந்தான் எதையோ அமுக்கித் தொலச்சிட்டேன், ஒன் மேல பழி வந்துருச்சு'ன்னு. நான் ஒண்ணும் நினைக்கலன்னு சொல்லிட்டேன். அப்பறம் இங்க பொழப்பு சரியா இல்ல, எட்டு வருஷம் திருப்பூர்ல கெடந்தேன். எல்லாம் நேரம். கண்ணு தெரியாதவங்க என்ன செய்வாங்க, பாவம். இல்லயாம்மா?"

டீ கிளாஸ் கையைச் சுட்டது. சொல்ல வேண்டிய இடம் அதுதான். வேறு யாரும் கடையில் இல்லை.

"ஆமாண்ணே" என்றேன்.

குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதினாலு வயதில் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவு திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் தங்கினேன். சாப்பிடும்போது, கடையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன் என்று பேச்சுவாக்கில் சொல்வது போலச் சொன்னேன். அத்தை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"சொல்லிட்டியா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கோடையைப் பற்றி அத்தை கேட்ட முதல் வார்த்தை அது.

"இல்ல அத்தை."

அத்தை மறுபடி பிசைய ஆரம்பித்தார். "காலைல மொத வண்டி அஞ்சரைக்கு" என்றார்.

போனேன். கடை திறக்கவில்லை. ஷட்டருக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். அவர் சாவியோடு வந்து, என்னைப் பார்த்து, "என்னம்மா, எதையாச்சும் மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?" என்று கேட்டார். அவர் பூட்டைத் திறப்பதற்கு முன்னால், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு விளையாடியதை, M தட்டியதை, போனில் OO என்று சொன்னதை.

நான் முடித்ததும் அவர் குனிந்து பூட்டைத் திறந்தார். ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா இருக்காருல்ல?"

"இல்லண்ணே. இறந்து நாலு வருஷமாச்சு."

ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டார்.

"அவருகிட்டத்தானேம்மா சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.